விண்கற்களை எங்கே வைப்பது? கேம் திரையில் ரேண்டம் செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

நிரல் எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் செய்துபார்க்கும் கேம்களில் ஒன்று இது: கறுப்புத் திரை, நடுவில் ஒரு விண்கலம், சுற்றிலும் 20 விண்கற்கள். கற்களை வைக்க இரண்டு வரி போதும் என்று தோன்றும். இடமிருந்து வலமாக 0 முதல் 800 வரை ஏதாவது ஓர் எண், மேலிருந்து கீழாக 0 முதல் 600 வரை இன்னோர் எண். பைத்தான், ஸ்கிராட்ச் போன்ற நிரல்மொழிகளில் இப்படிக் குருட்டாம்போக்கில் எண் எடுத்துத் தர ரேண்டம் என்ற கட்டளை தயாராகவே இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் திரை வேறு மாதிரி இருக்கும். இரண்டு கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒரு மூலையில் நான்கைந்து கற்கள் கூட்டம் போடும், எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கும். ஒரு கல் நேராக விண்கலத்தின் மேலேயே வந்து உட்காரும். ஆட்டம் தொடங்கிய நொடியிலேயே முடிந்துவிடும்.

ரேண்டம் ஃபங்ஷன் சரியில்லையோ என்ற சந்தேகம் உடனே வரும். அது சரியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கல்லையும் மற்ற கற்களைப் பற்றிய கவலையே இல்லாமல் எங்காவது வை என்று கேட்டோம், வைத்தது. நமக்கு வேண்டியது முன்கூட்டி ஊகிக்க முடியாத, ஆனால் ஆடத் தகுந்த ஓர் அமைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ரேண்டம் கடந்து தராது. எது எதனிடமிருந்து எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்ற விதியை எழுதுவது நம் வேலை.

## அந்த எண் எங்கிருந்து வருகிறது

கணினி தரும் ரேண்டம் எண் ஒரு கணக்கின் விடை. கையில் இருக்கும் எண்ணை வைத்து அடுத்த எண்ணைச் செய்யும், அதை வைத்து அதற்கடுத்தது. தொடங்கிவைக்கும் எண்ணுக்கு சீடு என்று பெயர். அதே சீடைக் கொடுத்தால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே வரிசைதான் வரும். அதனால்தான் இவற்றைப் போலி ரேண்டம் எண்கள் என்கிறார்கள்.

1940களின் இறுதியில் கணிதர் ஜான் வான் நியூமன் சொன்ன வழி, எண்ணை அதே எண்ணால் பெருக்கி நடுவில் உள்ள இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்வது. எளிமையானதுதான். ஆனால் வரிசை சீக்கிரமே 0இல் போய் விழும், இல்லையென்றால் சின்ன வட்டத்துக்குள் சுற்ற ஆரம்பித்துவிடும். டி. எச். லெமர் 1949இல் முன்வைத்த ‘பெருக்கு, வகு, மீதியை எடு’ என்ற முறையும் அதன் வழிவந்தவையும்தான் பல பத்தாண்டுகள் கோலோச்சின.

இந்தக் கணக்கு கோணலாக இருந்தால் கற்களுக்கு என்ன ஆகும் என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். விதி இதுதான்: இப்போதைய எண்ணை 5ஆல் பெருக்கு, 3 கூட்டு, 16ஆல் வகுத்து மீதியை எடு. 7இல் தொடங்கினால் வருவது:

7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4, அப்புறம் மறுபடி 7.

0 முதல் 15 வரை எல்லா எண்களும் ஒருமுறை வந்துவிட்டன. பார்வைக்கு நன்றாகத்தான் கலைந்திருக்கின்றன. ஆனால் ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருகின்றன பாருங்கள். இப்போது இவற்றை இரண்டிரண்டாக எடுத்து, முதலாவதைக் கிடையச்சிலும் இரண்டாவதைச் செங்குத்து அச்சிலும் வைத்து 8 கற்களை வரைபடத்தாளில் குறிப்போம்: (7, 6), (1, 8), (11, 10), (5, 12), (15, 14), (9, 0), (3, 2), (13, 4). நான்கு கற்களில் இரண்டாவது எண் முதல் எண்ணைவிட 1 குறைவு. இரண்டு கற்களில் 7 அதிகம். மீதி இரண்டில் 9 குறைவு. ஆக எட்டுக் கற்களும் மூன்றே மூன்று சாய்கோடுகளில் வரிசைகட்டி நிற்கும். தனித்தனி எண்ணாகப் பார்த்தால் தெரியாத ஒழுங்கு, இடமாக மாற்றியதும் வெளிப்பட்டுவிடுகிறது.

இது பொம்மைக் கணக்கு. ஆனால் நிஜத்திலும் நடந்திருக்கிறது. 1960களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாக ஓடிய ராண்டு என்ற நிரல், 65539ஆல் பெருக்கி 2இன் 31ஆம் அடுக்கால் வகுத்து மீதி எடுத்தது. அதன் எண்களை மும்மூன்றாக எடுத்து முப்பரிமாணப் புள்ளிகளாகக் குறித்தால், அத்தனையும் 15 தட்டையான தளங்களில் மட்டுமே விழும். ராண்டுவை வைத்து ஒரு விண்மீன் கூட்டம் செய்திருந்தால், சரியான கோணத்திலிருந்து பார்க்கும்போது அது 15 தகடுகளாகத் தெரிந்திருக்கும். பெருக்கி மீதி எடுக்கும் எல்லா நிரல்களுக்கும் இந்தத் தள நோய் உண்டு, கூடக்குறைய இருக்கும் அவ்வளவுதான் என்று ஜார்ஜ் மார்சாக்லியா 1968இல் நிறுவினார்.

இன்று அந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. பைத்தானில் இருப்பது மெர்சன் ட்விஸ்டர் என்ற முறை. மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1997இல் உருவாக்கியது. அதன் வரிசை திரும்ப வர 2இன் 19937ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவான எண்கள் ஆகும். 20 கல் வைப்பதற்கு அது தாராளம். ஆகவே திரையில் குவியல் தெரிந்தால் பழியை வேறெங்காவதுதான் போடவேண்டும்.

## குவிவதுதான் இயல்பு

1944இல் ஜெர்மனி லண்டன்மீது வி-1 பறக்கும் குண்டுகளை ஏவியது. சில பகுதிகளில் குண்டுகள் திரும்பத் திரும்ப விழ, குறிவைத்து அடிக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. காப்பீட்டுக் கணக்கியலாளர் ஆர். டி. கிளார்க் தெற்கு லண்டனின் ஒரு பகுதியை, ஒவ்வொன்றும் கால் சதுர கிலோமீட்டர் கொண்ட 576 கட்டங்களாகப் பிரித்து, விழுந்த 537 குண்டுகளையும் கட்டவாரியாக எண்ணி 1946இல் வெளியிட்டார். 229 கட்டங்களில் ஒன்றுகூட விழவில்லை. 211இல் ஒன்று, 93இல் இரண்டு, 35இல் மூன்று, 7இல் நான்கு, ஒரே ஒரு கட்டத்தில் ஐந்தோ அதற்கு மேலோ. குறியே இல்லாமல் விழுந்திருந்தால் எப்படி இருக்கும் என்று பாய்சான் பரவல் சொல்லும் கணக்கு: 227, 211, 99, 31, 7, 2. இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். அந்தப் பகுதிக்குள் குண்டுகள் குருட்டாம்போக்கில்தான் விழுந்திருந்தன. குவியலும் வெற்றிடமும் குருட்டாம்போக்கின் விளைவு.

இதே கணக்கை நம் திரைக்குப் போடுவோம்.

1. 800 × 600 திரையை 200 × 200 கட்டங்களாகப் பிரித்தால் 12 கட்டங்கள்.

2. ஒரு குறிப்பிட்ட கட்டத்தை 20 கற்களும் தவறவிடும் வாய்ப்பு, 11/12இன் 20ஆம் அடுக்கு. அதாவது 17.5 சதவீதம்.

3. ஆக 12இல் சராசரியாக இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கும். நான்கோ அதற்கு மேலோ கற்கள் நெருக்கும் கட்டமும் சராசரியாக ஒன்று இருக்கும்.

4. ஒவ்வொரு கல்லின் ஆரமும் 20 பிக்சல் (திரைப்புள்ளி) என்றால், மையங்கள் 40 பிக்சலுக்குள் வந்தால் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு ஜோடிக் கற்களுக்கு அப்படி நேரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம்தான்.

5. ஆனால் 20 கற்களில் 190 ஜோடிகள் இருக்கின்றன. ஒரு மோதலாவது இருக்கும் வாய்ப்பு 85 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது.

நாலாவது எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் ஐந்தாவதில் மாட்டிக்கொள்கிறார்கள். 23 பேர் உள்ள அறையில் இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்ற பழைய வியப்பும் இதே கணக்குதான். அங்கே 253 ஜோடிகள். கற்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் மோதல்கள் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

## எல்லையை முதலில் சரிசெய்வது

சின்ன விஷயம், ஆனால் முதலில் செய்யவேண்டியது. கல்லின் மையத்தை 0இல் வைத்தால் பாதிக் கல் திரைக்கு வெளியே போய்விடும். ஆரம் 20 என்றால் எல்லை 20 முதல் 780 வரை, 20 முதல் 580 வரை. பைத்தானில் ரேண்ட்இன்ட் என்ற கட்டளை இரண்டு முனை எண்களையும் சேர்த்துக்கொள்ளும், ரேண்ட்ரேஞ்ச் கடைசி எண்ணை விட்டுவிடும். கட்டங்களின் எண்ணை வைத்து வேலை செய்யும்போது இந்த ஒரு எண் வித்தியாசத்தால் நிரல் நின்றுபோவது சகஜம்.

அட்டாரி 1979இல் வெளியிட்ட ஆஸ்டிராய்ட்ஸ் பாணியில், வலப்பக்கம் வெளியேறும் கல் இடப்பக்கமாக நுழையும் கேம் என்றால் விளிம்பு என்று ஒன்றே கிடையாது. அப்போது தூரத்தைக் குறுக்குவழியாக அளக்கவேண்டும்: இரண்டு கற்களின் கிடை வித்தியாசம் 400ஐத் தாண்டினால் 800இலிருந்து அதைக் கழித்துவிட்டு எடுக்கவேண்டும், உயரத்துக்கும் அப்படியே. இதை விட்டுவிட்டால் திரையில் எதிரெதிர் ஓரங்களில் நிற்கும் இரண்டு கற்கள் உண்மையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

## வைத்துப் பார், இடித்தால் எடுத்துவிடு

எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு இது. நல்ல தீர்வுதான்.

1. ஓர் இடத்தை ரேண்டமாக எடு.

2. ஏற்கெனவே வைத்த ஒவ்வொரு கல்லுக்கும் அந்த இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்.

3. எதற்காவது குறைந்தபட்ச இடைவெளிக்குள் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் எடு.

4. இல்லையென்றால் வை, அடுத்த கல்லுக்குப் போ.

20 கல்லுக்குப் பிரச்சினையே இல்லை. எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கேம் அப்படியே உறைந்து நிற்கும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் இந்த வரிகள், இடம் தேடிக்கொண்டே இருக்கிறது, இடம் இல்லை.

எவ்வளவு வைத்தால் இடம் தீரும்? இதற்குக் கணிதத்தில் விடை இருக்கிறது. ஹங்கேரியக் கணிதர் ஆல்ஃப்ரெட் ரேனி 1958இல் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: நீண்ட தெருவோரத்தில் ஒரே நீளமுள்ள கார்கள் ஒவ்வொன்றாக வந்து, காலியான இடத்தில் தோன்றியபடி நிறுத்திக்கொண்டே போனால், இனி ஒரு காருக்கும் இடமில்லை என்ற நிலையில் தெரு எவ்வளவு நிரம்பியிருக்கும்? விடை 74.76 சதவீதம். மீதி இடமெல்லாம் கார் நுழையாத சந்துகளாக வீணாகிவிடும். தளத்தில் வட்டங்களை இப்படி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். பரப்பில் சுமார் 54.7 சதவீதம் நிரம்பியதும் முடிந்தது கதை. ஒழுங்காக அடுக்கினால் அதே வட்டங்கள் 90.7 சதவீதம் வரை நிரப்பும்.

நம் திரையில் ஆரம் 20 உள்ள கற்களை இடிக்காமல் மட்டும் வைத்தால் 200ஐ ஒட்டியே எல்லை வந்துவிடும். மையங்களுக்கிடையே 100 பிக்சல் இடைவெளி கேட்டால் முப்பது சொச்சத்திலேயே திணறும். எல்லையை நெருங்க நெருங்க ஒவ்வொரு கல்லுக்கும் ஆயிரக்கணக்கில் முயற்சி ஆகும். அதனால் இந்த லூப்புக்கு முயற்சி உச்சவரம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். 200 முறை பார்த்தும் இடம் கிடைக்கவில்லையா, இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள் அல்லது அந்தக் கல்லை விட்டுவிடு. 19 கல்லோடு ஓடும் கேமை யாரும் குறை சொல்லமாட்டார்கள். உறைந்துபோன கேமை மூடிவிடுவார்கள்.

## கட்டம் போட்டு வைப்பது

இடத்தைத் தேடுவதற்குப் பதிலாக, இருக்கும் இடங்களைப் பட்டியல் போட்டு அதிலிருந்து எடுப்பது இன்னொரு வழி. திரையைப் புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகள் மாதிரி சம இடைவெளியில் பிரித்துக்கொண்டு, கட்டங்களின் பட்டியலைக் குலுக்கி, முதல் 20ஐ எடுத்துக்கொண்டால் மோதல் என்ற பேச்சே இல்லை. லூப் நிற்காமல் போகுமோ என்ற பயமும் இல்லை.

குலுக்குவதற்கென்று சரியான முறை ஒன்று உண்டு. ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938இல் காகிதத்தில் செய்யச் சொன்னதை, 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் கணினிக்கு ஏற்றபடி மாற்றினார். கடைசி இடத்தில் தொடங்கி, அதையும் சேர்த்து அதற்கு முன்னுள்ள ஏதாவது ஓர் இடத்தோடு மாற்று, பிறகு ஒரு இடம் முன்னால் வந்து அதையே செய். ஒவ்வொரு இடத்தையும் மொத்தப் பட்டியலில் எந்த இடத்தோடு வேண்டுமானாலும் மாற்று என்று எழுதுகிறவர்கள் உண்டு. பார்க்க அதுவும் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மூன்று பொருள்களுக்கே அது தவறு. அந்த முறையில் சமவாய்ப்புள்ள 27 வழிகள் இருக்கின்றன, வரிசைகளோ 6. 27 ஆறால் மீதியின்றி வகுபடாது. ஆக சில வரிசைகள் மற்றவற்றைவிட அடிக்கடி வந்தே தீரும்.

மைன்ஸ்வீப்பர் கேமின் கடின நிலையில் 30 × 16 கட்டங்களில் 99 கண்ணிவெடிகளை வைப்பது இந்த வகைக் கணக்குதான். நோக்கியா 6110இல் 1997இல் வந்த பாம்பு விளையாட்டு போன்றவற்றில் இரை வைப்பதற்கும் இது பொருந்தும். பாம்பு சின்னதாக இருக்கும்போது ‘வைத்துப் பார்’ முறை போதும். திரையின் பெரும்பகுதியைப் பாம்பே அடைத்துக்கொண்ட பிறகு காலியான கட்டங்களைப் பட்டியல் போட்டு ஒன்றை எடுப்பதுதான் சரி.

கட்டத்தில் வைப்பதன் குறை கண்ணுக்குத் தெரியும்: கற்கள் வரிசையாக நிற்கும். அதற்கு மருந்து, ஒவ்வொரு கல்லையும் அதன் கட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் நகர்த்துவது. கட்டம் 100 பிக்சல், கல்லின் விட்டம் 40 என்றால் எந்தப் பக்கமும் 30 பிக்சல் வரை நகர்த்தலாம், கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. சிறிய கேமுக்கு இந்த வழியைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். எழுதுவது சுலபம், தோற்காது.

## இடைவெளி விட்டுச் சிதறுவது

இதைவிட அழகான சிதறல் வேண்டுமென்றால் பாய்சான் வட்டு என்ற வகை இருக்கிறது. எந்த இரண்டு புள்ளியும் குறிப்பிட்ட தூரத்துக்குள் வராது, பெரிய வெற்றிடமும் இருக்காது, ஆனால் வரிசையும் தெரியாது. காட்டில் மரம், தரையில் புல், விண்வெளியில் கல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ரீசஸ் குரங்கின் விழித்திரையில், நடுப்பகுதிக்கு வெளியே ஒளியுணர் செல்கள் இதேபோல் பரவியிருப்பதை ஜான் யெல்லாட் 1983இல் காட்டினார்.

டான் மிட்செல் 1991இல் சொன்ன எளிய வழி: ஒவ்வொரு கல்லுக்கும் பத்துப் பதினைந்து இடங்களை ரேண்டமாக எடு, இருக்கும் கற்களிடமிருந்து அதிகம் தள்ளியுள்ள இடத்தை வைத்துக்கொள். ஐந்தாறு வரி நிரல்தான். உறையும் பயமும் கிடையாது, ஏனென்றால் எப்போதும் ஏதோ ஓர் இடம் தேர்வாகும்.

நிறையப் பொருள்களுக்கு ராபர்ட் பிரிட்சன் 2007இல் தந்த முறை வேகமானது.

1. குறைந்தபட்ச இடைவெளியை 2இன் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் அளவில் கட்டங்கள் போடு. இடைவெளி 100 என்றால் கட்டம் 70 பிக்சல். ஒரு கட்டத்துக்குள் இரண்டு புள்ளிகள் வரவே முடியாது.

2. முதல் புள்ளியை எங்காவது வைத்து, ‘வேலை பாக்கி’ பட்டியலில் சேர்.

3. பட்டியலில் ஒரு புள்ளியை எடுத்து, அதைச் சுற்றி 100 முதல் 200 பிக்சல் தூரத்துக்குள் 30 இடங்களை முயன்று பார்.

4. அக்கம்பக்கக் கட்டங்களை மட்டும் பார்த்து, இடிக்காத இடம் கிடைத்தால் புதுப் புள்ளியை வை, பட்டியலில் சேர்.

5. முப்பதும் தோற்றால் அந்தப் புள்ளியைப் பட்டியலிலிருந்து நீக்கு. பட்டியல் காலியானால் வேலை முடிந்தது.

எல்லாக் கற்களோடும் தூரம் பார்ப்பதற்குப் பதில் அக்கம்பக்கத்தை மட்டும் பார்ப்பதில்தான் இதன் வேகம் இருக்கிறது. 20 கல்லுக்கு இது தேவையே இல்லை. 20,000 கல்லுக்கு வித்தியாசம் தெரியும்.

## வட்டமும் கோளமும்: அமைதியாக நடக்கும் தவறு

கிரகத்தைச் சுற்றி வட்டமாகக் கற்களைத் தூவவேண்டும். கோணத்துக்கு ஒரு ரேண்டம் எண், மையத்திலிருந்து தூரத்துக்கு ஒரு ரேண்டம் எண். இப்படிச் செய்தால் கற்கள் நடுவில் அடைந்துகொள்ளும். பாதி ஆரமுள்ள உள்வட்டத்தின் பரப்பு மொத்தத்தில் கால்பங்குதான், அதில் பாதிக் கற்கள் போய் விழுகின்றன. 0 முதல் 1 வரை எடுத்த ரேண்டம் எண்ணின் வர்க்கமூலத்தை ஆரத்தால் பெருக்கினால் சரியாகிவிடும். முப்பரிமாணக் கோளத்துக்குள் என்றால் கனமூலம்.

கோளத்தின் மேற்பரப்பில் பள்ளங்களையோ நகரங்களையோ வைக்கும்போது இதே தவறு வேறு உருவத்தில் வரும். அட்சரேகைக்கு ஓர் எண், தீர்க்கரேகைக்கு ஓர் எண் என்று எடுத்தால் துருவங்களில் கூட்டம் சேரும். 60 பாகைக்கு அப்பால் உள்ள இரண்டு துருவப் பகுதிகளும் சேர்ந்து கோளத்தின் பரப்பில் 13.4 சதவீதம்தான். ஆனால் மூன்றில் ஒரு பங்குப் பொருள்கள் அங்கே போகும். அட்சரேகையை விட்டுவிட்டு, கோளத்தின் உயரத்தை −1க்கும் 1க்கும் இடையே ரேண்டமாக எடுக்கவேண்டும். சம உயரமுள்ள பட்டைகளுக்குக் கோளத்தில் சமப் பரப்பு உண்டு என்று ஆர்க்கிமிடீஸ் கண்டது இங்கே உதவுகிறது.

இந்தத் தவறுகளில் பிழைச்செய்தி எதுவும் வராது. 20 புள்ளிகளில் கண்ணுக்கும் தெரியாது. 5,000 புள்ளிகளை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

## பின்னணி நட்சத்திரங்கள் வேறு சாதி

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1962இல் உருவான ஸ்பேஸ்வார் கேமில் ஸ்டீவ் ரசல் முதலில் பின்னணியில் ரேண்டம் புள்ளிகளைத்தான் வைத்திருந்தார். அது சக நிரலாளர் பீட்டர் சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. உண்மையான வானத்தின் நட்சத்திர வரைபடத்தை, பிரகாச வித்தியாசத்தோடு பிடிபி-1 கணினிக்குள் ஏற்றிவிட்டார். அந்த நிரலுக்கு ‘செலவு பிடித்த கோளரங்கம்’ என்று கேலியாகப் பெயரும் வைத்தார்.

அவ்வளவு சிரமம் எல்லோருக்கும் தேவையில்லை. நிஜ வானத்திலும் குவியலும் வெற்றிடமும் இருப்பதால், பின்னணிக்கு இடைவெளி விதி எதுவும் வேண்டாம். முதலில் எழுதிய அந்த இரண்டு வரியே இங்கே பொருத்தமானது. ஆனால் பிரகாசத்தைச் சமமாகப் பிரிக்கக்கூடாது: மங்கலானவை ஏராளம், பளிச்சென்றவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. பாய்சான் வட்டில் நட்சத்திரங்களை வைத்தால் வானம் அச்சடித்த சேலை போலாகிவிடும். விண்கற்களுக்கோ நிஜத்தைப் பார்த்து நகல் எடுக்கவே கூடாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள் பட்டையில் இடைவெளிகள் லட்சக்கணக்கான கிலோமீட்டர். 1972இல் உள்ளே நுழைந்த பயனியர் 10 விண்கலம் எதிலும் இடிக்காமல் கடந்து போனது. அதை அப்படியே கேமாக்கினால் ஆடுகிறவர் தூங்கிவிடுவார்.

## சீடு: அதே உலகத்தைத் திரும்ப வரவைப்பது

கேம்பிரிட்ஜ் மாணவர்கள் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு எலைட் என்ற விண்வெளி கேமை எழுதினார்கள். அந்தக் கணினியின் நினைவகம் 32 கிலோபைட். அதில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரக அமைப்புகள் இருந்தன. எதையும் சேமித்து வைக்கவில்லை. சீடிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு வரவழைத்தார்கள். 2இன் 48ஆம் அடுக்கு அளவுக்கு மண்டலங்கள் வைக்க முடியும் என்றிருந்ததை வெளியீட்டாளர்தான் எட்டாகக் குறைக்கச் சொன்னார். தானாக உருவான கிரகப் பெயர்களில் ஒன்று ஆங்கிலத்தில் ஆபாசச் சொல்லாக வந்துவிட்டதால் ஒரு மண்டலத்தையே கழித்துக்கட்டிய கதையும் உண்டு. சீடையும் மனிதர்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது. 2016இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை, 2இன் 64ஆம் அடுக்கு எண்ணிக்கையில் கிரகங்கள் என்று விளம்பரம் செய்ததும் இதே உத்தியின் பெரிய வடிவம்தான்.

சிறிய கேமிலும் சீடு மூன்று இடங்களில் வேலைக்கு வரும்.

முதலாவது, பிழை கண்டுபிடிக்க. ‘ஒரு தடவை கல் கலத்துக்குள்ளேயே வந்தது’ என்று நண்பர் சொன்னால், அந்த ஆட்டத்தின் சீடு எண் பதிவாகியிருந்தால்தான் அதே திரையைத் திரும்பப் பார்க்க முடியும்.

இரண்டாவது, சீடைத் தவறான இடத்தில் கொடுக்காமலிருக்க. லூப்புக்குள் ஒவ்வொரு கல்லுக்கும் கடிகார நேரத்தைச் சீடாகக் கொடுத்தால், அத்தனை கல்லும் ஒரே நொடிக்குள் வைக்கப்படுவதால் எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கும். சி மொழியில் சீடே கொடுக்காவிட்டால் எப்போது ஓட்டினாலும் ஒரே அமைப்புதான் வரும்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. கற்களை வைக்க ஒரு ரேண்டம் வரிசை, வெடிப்பு, புகை போன்ற அலங்காரத்துக்கு வேறொரு வரிசை என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளவேண்டும். ஒன்றையே பகிர்ந்தால் ஆடுகிறவர் கூடுதலாக ஒரு கல்லை வெடிக்கவைத்தாலே அடுத்த நிலையின் அமைப்பு மாறிவிடும். இன்று எல்லோருக்கும் ஒரே சவால் என்று ஒரு சீடைப் பகிர்ந்துகொள்வதெல்லாம் அப்புறம் நடக்காது.

## ஆட முடிகிறதா என்று பார்ப்பது

இடிக்காமல் வைத்தாகிவிட்டது. ஆனால் கலம் போக வழி இருக்கிறதா? கட்டங்களில் தடைகளை ரேண்டமாக வைக்கும் கேமில் இதற்கும் ஒரு எல்லைக்கோடு தெரிந்திருக்கிறது. நான்கு திசைகளில் மட்டும் நகரலாம் என்றால், பெரிய சதுரக் கட்டத்தில் திறந்த கட்டங்கள் 59.3 சதவீதத்துக்குக் கீழே போனதும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் வழி அநேகமாக அற்றுப்போகும். தடைகள் 41 சதவீதம் என்பது ஏறக்குறைய உச்சம். சிறிய கட்டங்களில் கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால் தொடக்கக் கட்டத்திலிருந்து நாலாபக்கமும் பரவிப் பார்த்து, இலக்கு எட்டுகிறதா என்று நிரலே சோதித்து, எட்டாவிட்டால் அடுத்த சீடுக்குப் போவதுதான் பாதுகாப்பு.

விண்கல் கேமில் அதைவிட முக்கியம் கலத்தைச் சுற்றிய காலி இடம். அதன் அளவைக் குத்துமதிப்பாக வைக்கவேண்டியதில்லை. கல்லின் வேகம் நொடிக்கு 120 பிக்சல், ஆடுகிறவருக்கு சுதாரிக்க 2 நொடி வேண்டும் என்றால் 240 பிக்சல் ஆரம். அந்த வட்டம் திரையில் 38 சதவீதத்தை விழுங்கிவிடும். மீதி இடத்தில் கற்களுக்குள் 100 பிக்சல் இடைவெளியும் கேட்டு, அடுத்த நிலையில் 30 கல்லும் கேட்டால் லூப்புக்கு இடம் கிடைக்காது. அப்போது எதை முதலில் விட்டுக்கொடுப்பது என்று நிரலில் வரிசையாக எழுதிவைக்கவேண்டும். கற்களுக்கிடையேயான இடைவெளியை 100இலிருந்து 70ஆக்கினாலே கொள்ளளவு இரண்டு மடங்காகும், அது முதலில். அதுவும் போதாவிட்டால் மிஞ்சிய கற்களைத் திரைக்கு வெளியே வைத்து, ஆட்டம் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக மிதந்து உள்ளே வரவிடலாம். கல்லின் எண்ணிக்கையைக் குறைப்பது மூன்றாவது. கலத்தைச் சுற்றிய 240ஐ எந்தக் கட்டத்திலும் தொடக்கூடாது.